பதினான்காம் லூயியும் அத்திப்பட்டு அருவாமனையும்

சாப்பாட்டு மேஜைக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். முனை வட்டமாக, வெண்ணெய் தடவ மட்டுமே லாயக்காக, ஹோட்டலில் நாப்கினுக்குப் பக்கத்தில் சாதுவாகப் படுத்திருக்கும். தோசையைக்கூட யோசித்துத்தான் வெட்டும். இப்படி ஒரு பரம சாது எப்படிப் பிறந்தது? மனித குலத்தின் மேல் யாருக்கோ பொங்கிய கருணை என்று நினைத்தால், மன்னிக்கவும். ஒருத்தர் பல் குத்தினார். இன்னொருத்தருக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் மேட்டர்.

அந்தக் காலத்து ஐரோப்பிய விருந்துகளில் பெரும்பாலும் விருந்தாளிக்குக் கத்தி தர மாட்டார்கள். இடுப்பில் செருகி நாமே கொண்டுபோக வேண்டும். வழியில் திருடன் வந்தால் அவனுக்கும், மேஜையில் மாட்டிறைச்சி வந்தால் அதற்கும் அதே கத்தி. சாப்பிட்டு முடித்து அதன் கூர்முனையாலேயே பல்லிடுக்கைத் தோண்டிக்கொள்வது பெரிய மனுஷ லட்சணம். பஸ்ஸில் சேஃப்டி பின்னால் பல் குத்துகிறவரை முறைக்கிறோமே, அவர் எவ்வளவோ தேவலை.

பிரான்ஸில் கார்டினல் ரிஷலியூ என்று ஒருவர் இருந்தார். மன்னரையே ஆட்டிவைத்த மகா மந்திரி. அவருடைய மேஜையில் ஒரு விருந்தாளி இந்தத் தோண்டும் திருப்பணியில் லயித்திருப்பதைப் பார்த்து மனிதர் நொந்துபோனார் என்று ஒரு கதை. விருந்தாளியும் லேசுப்பட்டவர் இல்லை, நாட்டின் சான்சலர் செகியே. கோட்டைகளைத் தரைமட்டமாக்கிய ரிஷலியூவுக்கு, “ஐயா, கொஞ்சம் நிறுத்துறீங்களா?” என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. வீட்டிலிருந்த மேஜைக் கத்திகள் அத்தனையின் முனையையும் ராவி வட்டமாக்கச் சொல்லிவிட்டார். ஆளைத் திருத்த முடியாவிட்டால் கத்தியைத் திருத்து. இன்றைக்கு இதற்கு ‘டிசைன் சொல்யூஷன்’ என்று பெயர்.

பெரிய இடத்தில் செய்தால் அது ஃபேஷன், அதைவிடப் பெரிய இடத்தில் செய்தால் சட்டம். 1669இல் பதினான்காம் லூயி உத்தரவே போட்டுவிட்டார். கூர்முனைக் கத்தி மேஜையிலும் கூடாது, தெருவிலும் கூடாது. நாகரிகம் என்பது பாதிக் காரணம். வாக்குவாதம் முற்றினால் பிரபுக்கள் ஆட்டுத்தொடையை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரைக் குத்திவிடக்கூடும் என்பது மீதிக் காரணம். சரி, கத்திக்கே கடிவாளம் போட்ட இந்த மாமன்னர் எதை வைத்துச் சாப்பிட்டார் தெரியுமா? கையை வைத்து. பேரப்பிள்ளைகள் முள்கரண்டியை எடுத்தால்கூடத் தன் மேஜையில் விடமாட்டாராம். வெர்சாய் அரண்மனைக்குள் நம்ம பந்தி ஆள் ஒருத்தர் வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

முனை போனதும் சாப்பாட்டைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோக வழியில்லை. அந்த வேலையை முள்கரண்டி பிடித்துக்கொண்டது. ரிஷலியூ கத்தியை ராவுவதற்கு முன்பே அதை இத்தாலியில் பார்த்துவிட்டு இங்கிலாந்தில் போய்ப் பெருமையாக எழுதியவர் தாமஸ் கோரியட். வருஷம் 1611. ஊரே சிரித்தது. கடவுள் கொடுத்த விரல் இருக்க, இது என்ன பொம்பளைத்தனம் என்றார்கள். மனிதர் மனம் உடைந்தாரோ என்னவோ, அடுத்து பெரும்பாலும் நடையாகவே கிழக்கே கிளம்பிவிட்டார். 1615இல் ஆஜ்மீர் வந்து ஜஹாங்கீர் முன்னால் பாரசீகத்தில் சொற்பொழிவாற்றி நூறு ரூபாய் வாங்கினார். 1617இல் சூரத்தில் காலமானார். முள்கரண்டிக்காகக் கேலிபட்டவர் கடைசியில் வந்து சேர்ந்த நாட்டில், அந்தக் கரண்டி எதற்கு என்று கேட்கக்கூட ஆளில்லை.

அவருக்குக் கொஞ்சம் ஆயுள் இருந்து இன்னும் தெற்கே நடந்திருந்தால் அத்திப்பட்டுப் பக்கம் வந்திருக்கலாம். அஜித் படத்தில் காணாமல்போன அத்திப்பட்டி வேறு. இந்த அத்திப்பட்டு பத்திரமாக இருக்கிறது. எண்ணூர் தாண்டி, கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில். சுற்றுவட்டாரத்தில் அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், நடுவில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற கழிமுகம், அதில் இறால், நண்டு. கத்தி விஷயத்தில் ஐரோப்பா பல் குத்திக்கொண்டிருந்தபோது இந்தக் கரையோரம் வேறொரு பதிலைக் கையில், இல்லை இல்லை, காலில் வைத்திருந்தது.

அருவாமனை. ஒரு பலகை, அதில் நிமிர்ந்து வளைந்து நிற்கும் இரும்பு அலகு, சிலதில் நுனியில் தேங்காய் துருவப் பல் வைத்த பூ. இதை யார் கண்டுபிடித்தார், எந்த மந்திரிக்கு எந்த விருந்தில் எரிச்சல் வந்தது, ஒரு கதையும் கிடையாது. சிலை கிடையாது, பேடன்ட் கிடையாது. கண்டுபிடித்தது பெரும்பாலும் சமையல்கட்டுக்காரியாக இருப்பாள், அதனால் பேரும் கிடையாது.

காசிமேட்டில் மீன் வெட்டுகிற வரிசையில் ஓரமாக நின்று பாருங்கள். “இன்னாபா, கொழம்புக்கா, வறுவலுக்கா?” என்று கேட்கும்போதே அந்த அம்மாவின் கால் பலகையை அழுத்திவிடும். அலகின் கூர்பக்கம் அவரைப் பார்த்தே நிற்கும். பார்க்கிற நமக்குத்தான் அடிவயிறு கலங்கும். இரண்டு கையாலும் வஞ்சிரத்தைப் பிடித்து அலகில் வைத்து ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. தலை தனி. அடுத்து விரல் தடிமனுக்கு வட்டம் வட்டமாகத் துண்டுகள். நடுவில் பக்கத்துக் கடை அம்மாவோடு சீட்டுப் பண விவகாரம் வேறு ஓடுகிறது. கண் அலகைப் பார்ப்பதே இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? அது எங்கேயும் போகாதே!

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கையில் பிடிக்கிற கத்தி நகரும், வழுக்கும், திரும்பும். நறுக்கும் காயும் உருளும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் நடுவில் விரல். அருவாமனையில் அலகு அசையாது, பொருள் மட்டும்தான் நகரும். திருவொற்றியூர் மரப்பட்டறையில் ரம்பத்தை மேஜையில் பதித்துவிட்டுப் பலகையைத் தள்ளுகிறார்களே, அதே கணக்கு. வழவழவென்று நழுவுகிற மீனாக இருந்தால் சாம்பலில் பிரட்டிக்கொள்வார்கள், பிடி கிடைக்கும். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சாம்பலுக்கு மட்டும் வராது. மின் நிலையம் ஆற்றுக்கே தாராளமாகக் கொடுத்திருக்கிறது.

உடனே, ‘நம் முன்னோர்கள் என்ன முட்டாள்களா?’ என்று ஃபார்வர்ட் மெசேஜ் தயாரிக்க வேண்டாம். நிமிர்ந்து நிற்கிற அலகு தவழ்கிற குழந்தைக்கு எமன். தரையில் குந்தியே ஆக வேண்டும். இரும்பு அலகைத் துடைக்காமல் விட்டால் மறுநாளே துரு. வாழைப்பூ நறுக்கினால் விரல், அலகு எல்லாம் ஒரே கறுப்பு. இதற்கெல்லாம் பாட்டிகள் ஒரு ரூல்புக் வைத்திருந்தார்கள். தாண்டாதே. வேலை முடிந்ததும் படுக்கப் போடு. இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும். லூயி சட்டம் போட்டார், பாட்டி சாஸ்திரம் போட்டாள். எது அதிக நாள் செல்லுபடியானது என்று உங்களுக்கே தெரியும்.

இனி வருகிறவர் கொஞ்சம் பெரிய ஆள். ஹொரேஷியோ நெல்சன், பிரிட்டிஷ் கடற்படையின் சூப்பர் ஸ்டார். 1774 மே 25, சீஹார்ஸ் என்ற கப்பலில் மெட்ராஸ் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது பதினைந்து. ட்ரஃபால்கர் எல்லாம் வெகு தூரம். அன்றைக்கு மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், மசூலாப் படகில் அலைக்குள் குலுங்கிக்கொண்டுதான் கரைக்கு வர வேண்டும்.

1797இல் டெனரிஃப் சண்டையில் நெல்சனின் வலது கை போனது. கடலை ஆண்டவருக்கு இப்போது தட்டில் கிடக்கிற இறைச்சித் துண்டு பெரிய எதிரி. ஒற்றைக் கையால் முள்கரண்டியால் அழுத்தவும் கத்தியால் அறுக்கவும் எப்படி முடியும்? விருந்தில் பக்கத்தில் இருப்பவர்தான் குழந்தைக்கு நறுக்குவதுபோல் நறுக்கிக் கொடுக்க வேண்டும். கடற்படை மந்திரியின் மனைவி ஸ்பென்சர் சீமாட்டி, கத்தியும் முள்ளும் ஒன்றாக இணைந்த தங்கக் கரண்டி ஒன்றைப் பரிசளித்தார் என்பார்கள். அறுக்க வேண்டியதில்லை. அலகை அழுத்தி முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஒற்றைக் கைக்காரர்களுக்கான அந்த வகைக் கத்தி இன்றைக்கும் நெல்சன் பெயரில் விற்கிறது. அலகு நிற்க, கறியை ஒரு கையால் தள்ளுகிற ஏற்பாடு ஒன்றை 23 வருஷம் முன்னால் மசூலாப் படகு போய்ச் சேர்கிற கரையிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் தங்கத்தில் செய்து, சீமாட்டி கையால் கொடுத்தால்தான் அது கண்டுபிடிப்பு.

அடுத்தது துரு. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகக்காரருக்கு 1912இல் வந்த வேலைக்கும் சமையல்கட்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் குழல்கள் உள்ளே தேய்ந்துபோகின்றன, வழி சொல் என்றார்கள். 1913 ஆகஸ்டில் சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்து ஒரு எஃகு வார்த்தார். துப்பாக்கிக்கு அது ஆகவில்லை. ஆனால் துருப் பிடிக்கவும் மாட்டேன் என்றது. இதில் கத்தி செய்தால் என்ன என்று கேட்டுக்கொண்டு போனவரை ஷெஃபீல்டு கத்திக்காரர்கள், ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகான்’ என்று கும்பிட்டு அனுப்பினார்கள். அவர்களுக்குத் தெரிந்த பதத்தில் அந்த எஃகு வளைந்து கொடுக்கவில்லை, அந்தக் கோபம். கம்பெனியும் அவரோடு சண்டை போட்டது. மனிதர் வேலையை விட்டார். எஃகு மட்டும் நிலைத்தது. நம்ம ஊர் சீர்வரிசையில் எவர்சில்வர் இல்லாமல் இன்றைக்குக் கல்யாணம் நடக்குமா?

இதில் ஒரு வடசென்னைக் கொசுறு. அதே என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்துகொடுத்த பெருமையில்தான் ஒரு கம்பெனி தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. அதன் பூர்வீகத் தொழில், ஊசி தயாரிப்பது. அந்த வம்சத்து புல்லட் 1950களிலிருந்து திருவொற்றியூரில் தயாரானது. அருவாமனை அலகுக்குத் துருப்பிடிக்காத எஃகு கொடுத்ததும், தெருவே அதிர ‘டப் டப்’ கொடுத்ததும் ஒரே துப்பாக்கிக் கடையின் இரண்டு பக்கவிளைவு.

கத்தி யாருக்கு என்று யாராவது நிஜமாகவே கேட்டது ரொம்ப லேட்டாகத்தான். 1970களில் ஸ்வீடனில் மரியா பென்க்சோன், ஸ்வென்-எரிக் யூலின் என்ற இரண்டு டிசைனர்கள் மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களிடம் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். மணிக்கட்டை முறுக்காமல் பிடிக்கும்படி கைப்பிடியை ரம்பம்போல் நிமிர்த்தி வைத்தார்கள். கத்தி இங்கே அங்கே ஓடாதபடி ஒரு சட்டத்துக்குள் நிறுத்தினார்கள். கத்தியைக் கட்டிப் போட்டால் கை பிழைக்கும்! அந்த சமாச்சாரம் நியூயார்க் மியூசியத்தில் கண்ணாடிக்குள் போனது. காசிமேட்டு அம்மாவின் பலகையும் ஒருநாள் போகும். அவருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லாமல் இருந்தால் சரி.

2005இல் மூன்று பிரிட்டிஷ் டாக்டர்கள் தங்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிற கத்திக்குத்துகளில் சமையலறைக் கத்திதான் பிரதான ஆயுதம். நீளமான கூர்முனைக் கத்தி சமையலுக்கு அவசியமா என்று பத்து சமையல் நிபுணர்களைக் கேட்டோம், உருப்படியான காரணம் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே தடை செய்யுங்கள்! லூயி உத்தரவு போட்டு 336 வருஷம். சுற்றிச் சுற்றி அதே முனையில் வந்து நிற்கிறார்கள். அருவாமனையைத் தூக்கி யாரையாவது குத்த வேண்டுமானால் முதலில் ஒரு பலகையையும் தூக்க வேண்டும். அதற்குள் கோபம் ஆறிவிடும்.

நம்ம வீடுகளில் இப்போது மாடுலர் கிச்சன் வந்துவிட்டது. அருவாமனை பரணில். மேடையில் ஜப்பான் கத்தி, பிளாஸ்டிக் பலகை, பக்கத்தில் பேண்ட்-எய்ட் டப்பா. நின்றுகொண்டு நறுக்குவது முழங்காலுக்கு சுகம், மறுக்கவில்லை. ஆனால் ‘அருவாமனையில் உட்கார்ந்து நறுக்கினால் இடுப்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா, அது ஒரு யோகாசனம்’ என்று சோபாவில் சாய்ந்தபடி சொல்கிற ஐயாமார்களைத்தான் சகிக்க முடியவில்லை. அந்த யோகாசனத்தை ஐயாமார் யாரும் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஐயாமார்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அதை இறக்குங்கள். குழந்தைகளை வேறு அறையில் விட்டுவிட்டு, கால் கிலோ வெண்டைக்காயோடு உட்காருங்கள். நறுக்கி முடித்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை என்றால், அது அருவாமனையின் டிசைன் கோளாறு இல்லை.