ஏ என்றால் அம்பு, ஈ என்றால் ஈ: ஹாங்காங் விமான நிலையப் பேருந்துகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

நன்னூலார் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைப் பட்டியலிட்டபோது ஹாங்காங் விமான நிலையப் பேருந்து நிறுத்தத்தை மனத்தில் வைத்திருந்தார் என்று சொன்னால் புலவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சான்று வலுவாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘ஏ’ உண்டு; அம்பு என்று பொருள். ‘ஈ’யும் உண்டு, மொய்க்கிற ஈ ஒன்று, கொடு என்பது இன்னொன்று. விமான நிலையம் இருக்கும் செக் லாப் கோக்கில் இறங்கி வெளியே வருகிறவர் கண்ணில் படுவதோ ஏ21, ஏ22, ஈ21, ஈ22 என்ற பலகைகள். ஏ வண்டி அம்பு மாதிரி நகரத்துக்குப் பாய்கிறது. ஈ வண்டி கண்ட இடத்தில் எல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது. கட்டணத்தில் மட்டும் தாராளம். மூன்று பொருளும் பொருந்திவிட்டன. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தால்கூட இவ்வளவு பொருத்தம் அமைவதில்லை.

ஏ என்பது ஏர்போர்ட், ஈ என்பது எக்ஸ்டர்னல், எஸ் என்பது ஷட்டில், என் என்பது நைட் என்று மாற்றுத் தரப்பினர் உரை சொல்வர். உண்மையும் அதுதான். ஆனால் உண்மையாக இருப்பது மட்டும் ஓர் உரைக்குப் போதுமா? எழுத்துக்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 1 வந்தால் ஹாங்காங் தீவு, 2 வந்தால் கவுலூன், 3 வந்தால் மேற்குப் புதுப்பிரதேசம், 4 வந்தால் கிழக்குப் பக்கம். நிலத்தை வைத்துத் திணை பிரிக்கும் இந்த வழக்கத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா? ஈ என்பது எக்ஸ்டர்னல், அதாவது புறம். ஆக, புறத்திணையும் இருக்கிறது.

இனி ஆய்வுச் சிக்கலுக்கு வருவோம். ஏ22, ஈ22 இரண்டும் கவுலூனின் கிழக்கே லாம் டின் வட்டாரத்தையும் விமான நிலையத்தையும் இணைப்பவை. இரண்டையும் ஓட்டுவது சிட்டிபஸ். இரண்டும் 1,377 மீட்டர் நீளத் தொங்கல் கொண்ட சிங் மா பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். ஆனாலும் பல ஆண்டுகள் ஏ22க்கு 39 ஹாங்காங் டாலரும் ஈ22க்கு 18 டாலரும் வாங்கினார்கள். நடுவில் உள்ள 21 டாலர் எங்கே போனது? ஏ வண்டியில் பெட்டி அடுக்க ரேக் வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு விடை. ஆனால் ரேக்குக்கு 21 டாலர் ஆகாது.

மிச்சம் பிடிக்க நினைத்து ஈ22 ஏறிய பயணிக்கு விடை கால் மணியில் தெரிந்துவிடும். டெர்மினலை விட்டுக் கிளம்பிய வண்டி நகரத்துப் பக்கம் திரும்பாமல் கிடங்குகளுக்கு நடுவே நுழைகிறது. ஒரு நிறுத்தம். இன்னொன்று. ஜன்னலில் இன்னும் விமானத்தின் வால்தான் தெரிகிறது. நம்மவர்கள் இதைத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். இதுவரை இது ஒரு வசவாகத்தான் இருந்தது. போக்குவரத்துக் கோட்பாடாக உயர்த்த யாரும் முன்வரவில்லை. இக்கட்டுரை முன்வருகிறது.

வண்டி சுற்றுகிற தலை எது என்று முதலில் பார்க்க வேண்டும். சரக்கு முனையங்கள், பழுதுபார்க்கும் கூடங்கள், சமையற்கூடங்கள், அலுவலகங்கள் அடங்கிய அந்த வட்டாரத்துக்குச் சீனத்தில் வழங்கும் பெயரில் ‘ஹாவ்கன்’ என்று ஒரு சொல் வருகிறது. ஹாவ் என்றால் பின், கன் என்றால் பணி. போர்முனைக்குப் பின்னாலிருந்து சோறும் தளவாடமும் அனுப்பும் வேலையைக் குறித்த படைச்சொல் அது. தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. படையின் முன்னணிக்குத் தார், பின்னணிக்குக் கூழை என்று சங்கத் தமிழ் எப்போதோ பெயர் வைத்துவிட்டது. கூழைக்குள் கூழ் ஒளிந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். விமானத்தில் ஏறுகிற சோறெல்லாம் வேகும் இடம் இந்தக் கூழைதான். உலகின் பெரிய விமானச் சமையற்கூடங்களில் ஒன்றான கேத்தே பசிபிக்கின் கூடம் இங்கே இருக்கிறது. கூழுக்கும் கூழைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் கேட்டரிங் ரோட்டைப் பார்த்ததில்லை.

ஆம், கேட்டரிங் ரோடு. அதிலும் கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று. தலைவர்கள் பெயரையும் மரங்களின் பெயரையும் சாலைக்கு வைக்கும் உலகத்தில், பந்திக்குச் சமைப்பவர்களுக்குச் சாலை வைத்த ஊர் இது. பக்கத்தில் சுன் வான், சுன் யூவே, சுன் மிங், சுன் பிங் என்று சாலைகள். சுன் என்ற அந்தச் சீன எழுத்துக்கு நல்ல சாதிக் குதிரை என்று பொருள். பெரும்பாலும் லாரிகளே ஓடும் தெருக்களுக்கு இப்படியொரு பெயர். கேத்தே பசிபிக் தலைமை அலுவலகத்தின் முகவரியோ சீனிக் ரோடு, அதாவது இயற்கைக் காட்சிச் சாலை.

இந்தப் பின்னணிதான் விமான நிலையத்தின் உயிர் என்பதற்குச் சான்று 1998லேயே கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, பழைய கை டாக் நிலையத்தை மூடிவிட்டு ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு செக் லாப் கோக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். விடிந்ததும் பயணிகள் பக்கம் குழப்பம். விமான நேரத்தைக் காட்டும் திரைகள் மக்கர் செய்தன. எந்த வாசல், எந்த விமானம் என்று ஆளுக்கு ஆள் கேட்டுத் திரிந்தார்கள். அது சீக்கிரமே சரியானது. பின்பக்கத்தில் நடந்தது வேறு கதை. சுன் வான் சாலை 9ஆம் எண்ணில் நிற்கும் சூப்பர்டெர்மினல் 1 என்ற பிரம்மாண்ட சரக்கு முனையத்தின் கணினி படுத்துவிட்டது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பது கணினிக்கு மட்டுமே தெரியும், அதற்கோ நினைவில்லை. சரக்கு ஏற்றுவதையும் இறக்குவதையும் நிறுத்தி, மூடிய கை டாக்கின் சரக்கு முனையத்தை மறுபடி திறந்தார்கள். நிலைமை சீராக வாரக்கணக்கில் ஆனது. முகம் வாடினால் பவுடர் பூசலாம். வயிறு கெட்டால் படுக்கைதான்.

அந்த வயிறு பெரியது. 2024இல் இங்கே கையாண்ட சரக்கு சுமார் 49 லட்சம் டன், உலகத்தில் முதலிடம். ஹாங்காங் வணிகச் சரக்கில் எடைக்கணக்கில் நூற்றுக்கு இரண்டுகூட விமானத்தில் போவதில்லை. மதிப்புக் கணக்கில் நாற்பதுக்கும் மேல். இவ்வளவையும் தூக்கி, எடை போட்டு, சீல் வைத்து ஏற்றுகிறவர்களில் பலர் தினமும் வேலைக்கு வருவது ஈ வண்டியிலும் எஸ் வண்டியிலும்தான். கொரோனாவுக்கு முன் விமான நிலையத் தீவில் வேலை பார்த்தவர்கள் சுமார் 73,000 பேர். ஒரு நடுத்தர ஊர் ஷிப்டு ஷிப்டாக வந்து போகிறது.

எஸ் வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விமான நிலையத்தோடு சேர்த்தே திட்டமிட்ட துங் சுங் நகரத்திலிருந்து வருபவை அவை. எஸ்1 ஏறி மூன்றரை டாலரில் துங் சுங் போய் மெட்ரோ பிடிப்பது சிக்கன யாத்திரிகர்கள் வெகுகாலமாகக் காதோடு காதாகச் சொல்லிவந்த உபாயம். எஸ்64 அதே ஊரின் குடியிருப்புகளையும் பின்பணி வட்டாரத்தையும் கோத்து ஓடுகிறது. இன்னொரு சேதி: விமான நிலையம் வருவதற்கு முன் செக் லாப் கோக் தீவில் கருங்கல்லால் கட்டிய டின் ஹாவ் கோயில் ஒன்று இருந்தது. கடலோடிகளைக் காக்கும் அம்மன் அவள். தீவைச் சமப்படுத்தியபோது கோயிலைக் கல் கல்லாகப் பிரித்துத் துங் சுங்கில் கட்டினார்கள். தீவில் வேலை, துங் சுங்கில் வீடு என்ற ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவள் அம்மன்தான் போலிருக்கிறது. பஸ் மட்டும் பிறகு வந்தது.

இப்போது 21 டாலருக்குத் திரும்பலாம். ஈ வண்டி சுற்றுகிறது என்று புலம்பும் பயணி ஒன்றை மறந்துவிடுகிறார். அந்த வண்டி அவருக்காகச் சுற்றவில்லை. அவருக்காக விட்டதும் இல்லை. கேட்டரிங் ரோட்டில் நிற்கும் சமையல்காரருக்கு அது நேர்வழி. ஹேங்கர் வாசலில் நிற்கும் மெக்கானிக்குக்கும் நேர்வழிதான். அவர்கள் கணக்கில், டெர்மினல் வாசலுக்குப் போய்ப் பெட்டியும் கையுமாக நிற்பவர்களை ஏற்றுவதுதான் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. எது தலை, எது மூக்கு என்பது ஏறுகிற நிறுத்தத்தைப் பொறுத்தது.

இரவு ஷிப்டு முடிகிற நேரத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நிறுத்தத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஏழெட்டுப் பேர். வண்டி வந்ததும் ஆக்டோபஸ் என்ற கட்டண அட்டையை ஒவ்வொருவராகத் தட்டுகிறார்கள். சில்லறை பேச்சே கிடையாது, நோட்டை நீட்டினால் மீதியும் கிடையாது. உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் தலைகள் ஜன்னலில் சாய்கின்றன. டெர்மினலில் ஏறிய ஒரு வெளிநாட்டுக்காரர் ரேக் கிடைக்காமல் பெட்டியை நடைபாதையில் நிறுத்திவிட்டு, போன் வரைபடத்தில் நீலப் புள்ளி பின்னோக்கிப் போவதைக் கலவரத்தோடு பார்க்கிறார். சுன் வான் சாலை வளைவில் பெட்டி சக்கரத்தில் உருண்டு கிளம்புகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணைத் திறக்காமலே காலை நீட்டி அதை நிறுத்துகிறார். அடுத்த வளைவு வரை அந்தக் கால் அங்கேயே இருக்கிறது.