பேராண்டிக்கு இருபது பவர்

வாடா பேராண்டி! இருபது பவர் பைனாகுலர் வாங்கினு வந்துட்டியாமே, தெருவெல்லாம் அதே பேச்சு. பட்டாளத்துல சேர அக்னிவீர் ஓட்டமே 1.6 கிலோமீட்டர். நீ சாமி கும்பிட 365 படி ஏறறதுக்குள்ள நாலு எடத்துல சோடா கேக்கறே. அதுக்குள்ள எதிரியோட மீசையை எண்ணக் கெளம்பிட்டே. நல்லா இரு.

அந்தப் படியேறி மேல போனதும் வடக்கால நகரி மலையைப் பாரு. அந்த மூக்குப் பாறையைக் கடல்ல இருந்தே பாத்துத்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரன் சென்னைக் கரையை அடையாளம் கண்டுக்கினான். உன் இருபது பவர்ல பாத்தா அது சாமி வந்தாப்ல ஆடும். மலை ஆடல நைனா, உன் கை ஆடுது. நடுக்கத்தையும் இருபது மடங்காக்கித்தான் காட்டும். அதனாலதான் பட்டாளத்தான் கையில புடிக்கறது ஏழு, எட்டு, மிஞ்சினா பத்து. அதுக்கு மேலன்னா மூணுகால் ஸ்டாண்டு வேணும். அதை யாரு சொமப்பா, உங்க ஆயாவா?

பொழுது சாஞ்சா இன்னும் வேடிக்கை. உன் வயசுக்கு இருட்டுல கண்ணுமணி 7 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும். உன் பைனாகுலர் முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். இருபதால வகுத்துப் பாரு, 2.5. அந்த அகலத்துக்குத்தான் வெளிச்சம் கண்ணுல வுழும். 7×50ன்னா ஏழு, கண்ணு நெறைய. இதைக் கணக்கு வாத்தியாரைக் கேளு, கடைக்காரனைக் கேக்காதே. சித்திரை மத்தியானமா? பவர் ஏற ஏற கானலும் பெருசாத் தெரியும், அவ்ளோதான்.

சூரியனுக்கு எதுத்தாப்ல நீட்டாதே. கண்ணாடி பளிச்சுனு மின்னி, நீ எதிரியைத் தேடறதுக்குள்ள அவன் உன்னைக் கண்டுக்குவான். நெழல்ல பின்னுக்குத் தள்ளிக் குந்து. எடுத்ததும் தூரத்துக்குத் தாவாதே, கிட்டத்துல இருந்து ஆரம்பி. வலப்பக்கம் இருந்து இடப்பக்கமா மெதுவாப் பாரு. படிக்கற பழக்கத்துல கண்ணு இடமிருந்து வலமா வழுக்கினு ஓடிடும். நீ படிச்ச லட்சணத்துக்கு உனக்கு அந்த ஆபத்து கம்மிதான்.

பவர் மட்டும் போதாது, ஒரு கதை கேளு. 1999 மே மாசத் தொடக்கம். கார்கில் பக்கம் பட்டாலிக்ல தாஷி நம்கியால்னு மாடு மேய்க்கறவரு, காணாமப்போன யாக் மாட்டைத் தேடிப் பைனாகுலரோட மலையேறுனாரு. பட்டாணியர் உடுப்புல ஆளுங்க பதுங்குகுழி தோண்டறதைக் கண்டாரு, பட்டாளத்துக்குப் போய்ச் சொன்னாரு. அவரு பைனாகுலர் எத்தனை பவருன்னா கேக்கறே? தன் மலையில எந்தக் கல்லு புதுசுன்னு அந்த மனுசனுக்குத் தெரியும்டா. உனக்கு நம்ம வீட்டுக் கொல்லையில எத்தனை முருங்கைன்னு தெரியாது. அதே பட்டாலிக்லதான் அந்த மாசம் 29ஆம் தேதி சண்டையில நம்ம திருச்சி மேஜர் சரவணன் உயிரைக் குடுத்தாரு, வீர் சக்ரா வந்துது. அந்தப் பேரைச் சொன்னா எனக்குக் கிண்டல் வராது.

சரி, இந்தப் பைனாகுலரை எவ்வளவுக்கு வாங்குனேன்னு உங்கப்பனுக்குத் தெரியுமா? தெரியாதா! அப்போ இது என்கிட்டயே இருக்கட்டும். ஏரிக்கரையில மேயற ஆட்டை எண்ணணும். ஸ்டாண்டு எங்கே?