மருமவன் டேட்டாபேஸை மாத்துதாரு

வாரும் மருமவனே. சனிக்கிழமை ராத்திரி கம்பெனி டேட்டாபேஸைப் பழைய எஸ்க்யூஎல் சர்வர்ல இருந்து புதுசுக்கு மாத்தப் போறீராம்லா, தங்கச்சி சொன்னா. "பேக்அப் எடுக்கணும், ரெஸ்டோர் பண்ணணும், ரெண்டு மணி நேர சோலி"ன்னு வேற சொல்லிருக்கீரு. ரொம்ப சந்தோசம். மிச்ச நேரத்துல செகண்ட் ஷோவுக்குப் போயிட்டு வந்துரும். திங்கக்கிழமை காலையில நான் பாத்துக்கிடுதேன். அதாவது, உம்ம மேனேஜர் உம்மப் பாத்துக்கிடுதத நான் இங்கன திண்ணையில இருந்து பாத்துக்கிடுதேன்.

டேட்டா போயிரும் வே. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. டேபிளு, வியூ, ப்ரொசீஜர் எல்லாம் ஒரு வரி குறையாம அந்தப் பக்கம் போய் நிக்கும். கூட வராததுலல்லா இருக்கு விசயம். லாகின் இருக்கது மாஸ்டர் டேட்டாபேஸ்ல. ராத்திரி ஓடுத ஜாப் எல்லாம் இருக்கது எம்எஸ்டிபில. லிங்க்டு சர்வரும் வெளியதான். நீரு நெஞ்சோட அணைச்சித் தூக்கிட்டுப் போற பேக்அப் ஃபைல்ல இதுல ஒண்ணுகூடக் கிடையாது.

லாகின் கதையைக் கொஞ்சம் நின்னு கேளும். நம்மூர்ல தடுக்கி விழுந்தா ஒரு சுடலைமுத்து. ரேஷன் கடையில பேரைக் கேட்டு அரிசி போட்டா அத்தனை சுடலையும் வரிசையில நிப்பான். அதனால கார்டு நம்பரைத்தான் பாக்காவ. எஸ்க்யூஎல் சர்வரும் அப்படித்தான். லாகினுக்கு எஸ்ஐடின்னு ஒரு நம்பர் வச்சிருக்கும். டேட்டாபேஸுக்குள்ள இருக்க யூசர் அந்த நம்பரைத்தான் நம்பிருப்பான். நீரு புது சர்வர்ல 'பில்லிங்'னு அதே பேருல, அதே பாஸ்வேர்டுல லாகின் உண்டாக்குவீரு. நம்பர் மட்டும் வேற விழும். அப்ளிகேஷன் வந்து தட்டும். 4060: டேட்டாபேஸைத் திறக்க முடியாதுன்னுரும். சரி, யூசர் இல்ல போலன்னு நீரு ஒருத்தனை உண்டாக்கப் பாப்பீரு. 15023: அந்தப் பேருல ஏற்கெனவே ஆளு இருக்குன்னுரும். ஆளு இல்லன்னு விரட்டுததும் அதுதான், ஆளு இருக்குன்னு மறிக்குததும் அதுதான். அந்த நேரம் பாத்து ஒரு புத்திசாலி போன்ல வருவான்: "சிஸ்அட்மின் உரிமை குடுத்துரு, காலையில சரி பண்ணிக்கிடலாம்." குடுத்துரும். அந்தக் காலை எந்த கம்பெனியிலயும் விடிஞ்சதா நான் கேள்விப்படல.

அதுக்கு மனசு வரலன்னா, 'ஆல்டர் யூசர் பில்லிங் வித் லாகின் = பில்லிங்'னு ஒரு வரி அடியும், ரெண்டும் சேந்துக்கிடும். அதைவிட மேலு, மைக்ரோசாஃப்டே எழுதி வச்சிருக்க 'எஸ்பி ஹெல்ப் ரெவ்லாகின்'. முன்கூட்டியே பழைய சர்வர்ல ஓட்டினா, அதே எஸ்ஐடி, அதே பாஸ்வேர்ட் ஹாஷோட லாகின் உண்டாக்குத கட்டளையெல்லாம் எழுதியே குடுத்துரும். விண்டோஸ் டொமைன் லாகினுக்கு இந்தப் பாடு இல்ல. அதோட நம்பர் டொமைன்ல இருந்து வருது.

டிடிஇ என்க்ரிப்ஷன் போட்டுப் பூட்டின டேட்டாபேஸா? சர்ட்டிஃபிகேட்டையும் அதோட பிரைவேட் கீயையும் எடுத்து வைக்காமப் போனீருன்னா, 33111னு ஒரு எர்ரரைக் காட்டிட்டு மூடிக்கிடும். அதுக்குள்ள பழைய மிஷினை ஃபார்மட் பண்ணி முடிச்சிட்டீருன்னா, என்னால அனுதாபந்தான் சொல்ல முடியும்.

"பிடிக்கலன்னா பழசுக்கே திரும்பிருவோம்"னு மேனேஜர்ட்ட சொல்லிருக்கீராம்லா? எந்த வழியா வருவீரு? எஸ்க்யூஎல் சர்வர் 2019-ல இருந்து 2022-க்கு ஏறலாம். 2022-ல எடுத்த பேக்அப்பை 2019 தொடாது. கம்பாட்டிபிலிட்டி லெவலைக் குறைச்சி வச்சாலும் தொடாது. ஞாயித்துக்கிழமை விழுந்த பில்லெல்லாம் அந்தப் பக்கமே நிக்கும், நீரு இந்தப் பக்கம் நிப்பீரு.

நம்ம கம்பெனி சின்னதும்பீரு. பெருசு பட்டதையும் கேளும். இங்கிலாந்துல டிஎஸ்பின்னு ஒரு பேங்க், லாயிட்ஸ் பேங்கோட சிஸ்டத்துல ஓடிட்டிருந்தது. 2018 ஏப்ரல்ல ஒரே வாரக் கடைசியில, தன் முதலாளியான ஸ்பெயின் சபடெல் பேங்க் கட்டின சிஸ்டத்துக்கு மாறிச்சு. வாடிக்கையாளர் 52 லட்சம் பேரு. டேட்டா பத்திரமாப் போய்ச் சேந்துச்சுன்னு பொறவு அபராதம் போட்டவங்களே சொல்லிருக்காவ. சேந்த இடந்தான் ஓடல. கிளை அத்தனையும் பாதிப்பு, நிலைமை சீராக அந்த வருசம் டிசம்பர் ஆச்சு. 2022-ல விழுந்த அபராதம் 4 கோடியே 86½ லட்சம் பவுண்டு. அங்கயும் ஒரு மருமவன் ரெண்டு மணி நேர சோலின்னு சொல்லிருப்பானோ என்னமோ.

அப்புறம், எந்த விண்டோவுல நிக்கோம்னு ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு அடியும். 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லாப்னு ஒரு கம்பெனியில ஒரு இன்ஜினியர் ரெண்டாவது சர்வர்ல நிக்கோம்னு நினைச்சி, மெயின் சர்வர்ல இருந்த டேட்டாவை அழிச்சிட்டாரு. சுமார் 300 ஜிபி. சரி, பேக்அப் இருக்கேன்னு போய்ப் பாத்தா, வெர்ஷன் ஒத்துக்கிடாம அது ஓடவே இல்ல. ஓடலன்னு வந்த மெயிலும் யார் கைக்கும் போய்ச் சேரல. ஆறு மணி நேரத்துக்கு முந்தி எதுக்கோ எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாத்துச்சு. அதனால பேக்அப் இருக்குன்னு என்கிட்ட சொல்லாதயும். போன வாரம் ரெஸ்டோர் பண்ணிப் பாத்தேன்னு சொல்லும், காப்பி போடச் சொல்லுதேன்.

ராத்திரி கடைசி லாக் பேக்அப்பை 'வித் நோரெகவரி' போட்டு எடும். பழைய டேட்டாபேஸ் 'ரெஸ்டோரிங்'னு நின்னுரும், ஒருத்தரும் உள்ள எழுத முடியாது. இல்லன்னா கணக்கு செக்ஷன்ல ஒரு அண்ணாச்சி இருப்பாரு. பழைய சர்வர் பேரை ஏதோ ஒரு ஆக்சஸ் ஃபைலுக்குள்ள எந்தக் காலத்துலயோ எழுதி வச்சிருப்பாரு. ஊரே புது இடத்துக்குப் போன பொறவும் புதன்கிழமை வரைக்கும் பழைய இடத்துலயே வரவு வச்சிட்டிருப்பாரு, மனுசன் சந்தோசமா. யாருன்னு இப்பவே பிடிக்கணும்னா, பழைய சர்வர்ல யார் யாரு எந்த மிஷின்ல இருந்து வாராவன்னு இன்னையில இருந்து குறிச்சிட்டு வாரும். மாசக் கடைசியில மட்டும் எட்டிப் பாக்குதவரும் உண்டு, விட்டுராதயும். ஆளு சிக்கினதும் ஒரு டீயை வாங்கிக் குடுத்து நேர்ல சொல்லும். மெயில்ல சொன்னா அவரு படிக்க மாட்டாரு.