அசையும் சமையலறையும் அசையாக் குடித்தனக்காரரும்: ஜெர்மானிய வாடகை வீட்டியலுக்கு ஒரு தோற்றுவாய்

உலகத்துச் சொத்துகளைச் சட்டம் அசைவன, அசையாதன என இரண்டாக வகுக்கும். நிலம், கிணறு, கட்டடம் அசையாதன. பசு, பாத்திரம், பீரோ அசைவன. இதில் சமையலறை எந்தப் பக்கம் சேரும் என்று தமிழ்நாட்டில் எவரும் கேட்டதில்லை. கடப்பா கல்லைச் சுவரில் பதித்து, சிமென்ட் பூசி, ஓரத்தில் சிங்க்கை இறக்கிவிட்டால் தீர்ந்தது. காலி செய்யும்போது அதைப் பெயர்த்துக்கொண்டு போனவர் என்று ஒருவரையும் நம் வாய்மொழி மரபு அறியாது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் வாடகைக்கு வீடு தேடும் தமிழர் முதன்முதலாகத் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: தமிழ்நாட்டில் சமையலறை அசையாது, குடியிருப்பவர் அசைவார். ஜெர்மனியில் குடியிருப்பவர் அசையமாட்டார், சமையலறை அசையும். மற்றவை யாவும் இதன் விரிவே.

ஆய்வுக்களம் ஷ்டுட்கார்ட், பிராங்பர்ட், மியூனிக் முதலிய நகரங்கள். தகவலாளிகள் அங்கே மென்பொருளும் வாகனப் பொறியியலும் பார்க்கப் போன நம்மவர்கள். அவர்கள் தகவல் தந்த நேரம், பெரும்பாலும் கட்டிலும் மெத்தையும் வந்து சேராமல் வெறுந்தரையில் தூக்கம் வராமல் கிடந்த நேரம். ஆகவே சில கூற்றுகளில் காணப்படும் கடுமையைக் குறைத்தே எடுத்துக்கொள்ளவேண்டும்.

1. காட்சிச் சான்று

சமையலறை என்று சொல்லிக் கதவைத் திறந்து காட்டும் அறையில் இருப்பவை: ஒரு சன்னல், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய் முனைகள், கழிவுநீர் போக ஒரு துளை, முழங்கால் உயரத்தில் ஒரு மின்பெட்டி, புதிதாக வெள்ளையடித்த சுவர். அண்ணாந்து பார்த்தால் மூன்று கம்பிகள் தொங்கும். பழுப்போ கறுப்போ ஒன்று, நீலம் ஒன்று, பச்சையும் மஞ்சளுமாகக் கோடு போட்டது ஒன்று. பல்பு மட்டுமல்ல, பல்பை மாட்டும் ஹோல்டரும் முன்னவரோடு போய்விட்டது.

இது திருடு போன வீடு என்பாரும் உளர். அது பொருந்தாது. திருடன் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகமாட்டான்.

சமையலறையை வீட்டோடு சேர்த்துக் கட்டும் கலை அந்த நாட்டுக்குத் தெரியாது என்பர் இன்னொரு சாரார். இது அவதூறு. அலமாரி, தொட்டி, மேடை எல்லாவற்றையும் அளந்து பொருத்திய நவீன சமையலறைக்கு முன்னோடியே 1926இல் பிராங்பர்ட்டில் பிறந்ததுதான். எர்ன்ஸ்ட் மே தலைமையில் நகராட்சி கட்டிய குடியிருப்புகளுக்காக அதை வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். ரோமர்ஷ்டாட் குடியிருப்பில் ஒரு வீட்டை அன்றிருந்தபடியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அம்மையார் முன்மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று எது? ரயிலின் உணவுப்பெட்டிச் சமையலறை. மூலமே சக்கரத்தின் மேல் ஓடியது எனின், வழித்தோன்றல்கள் லாரி ஏறிப் போவதில் வியப்பென்ன? இவ்வளவு வலுவான சான்றுக்குப் பிறகும் நம் கருதுகோளை ஐயுறுவோர் ஆய்வுலகுக்கு ஏற்றவர் அல்லர்.

2. குடித்தனக்காரர் அசையாமை

நம் ஊரில் 11 மாத ஒப்பந்தம். பன்னிரண்டாம் மாதம் வீட்டுக்காரர் வந்து, "பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்" என்பார். கல்யாணம் நடந்ததா என்று எவரும் போய்ப் பார்த்ததில்லை. ஜெர்மனியில் வாடகை ஒப்பந்தத்துக்கு வழக்கமாக முடிவுத் தேதியே கிடையாது. 1900 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் அந்நாட்டுக் குடியியல் சட்டத்தின் 573ஆம் பிரிவு, தக்க காரணமின்றிக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமையில்லை என்கிறது. பையன் கல்யாணம் அங்கேயும் காரணம்தான். ஆனால் பையனுக்கு அந்த வீடு ஏன் வேண்டும் என்று எழுத்தில் தரவேண்டும். தந்தாலும் மூன்று மாத அவகாசம். குடியிருந்து 5 ஆண்டு ஆகிவிட்டால் 6 மாதம், 8 ஆண்டு ஆகிவிட்டால் 9 மாதம். குடித்தனக்காரர் தாமாகப் போவதானால் எத்தனை ஆண்டு இருந்தாலும் மூன்று மாத நோட்டீஸ் போதும்.

முன்பணம், கணப்புச் செலவு முதலியன சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. அதையும் மூன்று தவணையாகத் தரலாம். வீட்டுக்காரர் அதைத் தம் பணத்தோடு கலக்காமல் தனியே போட்டுவைக்க வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இந்த வாக்கியங்களை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். அதே வீட்டில் இருபது வருஷம் இருக்கப்போகிறவர் தமக்குப் பிடித்த நிறத்தில், தம் உயரத்துக்கேற்ற மேடையோடு சமையலறையை வாங்கிப் பொருத்துகிறார். காசு போட்டவர் போகும்போது விட்டுவிட்டா போவார்? சமையலறை ஊர் சுற்றுவதற்குக் காரணம் அதன் உடையவர் ஊர் சுற்றாததே.

கழற்றச் சோம்பல்படுகிறவர்கள் அதைப் பின்னால் வருகிறவர் தலையில் கட்டிவிட்டுப் போவதும் உண்டு. இதற்கான தொகையை அப்லோசெ என்பார்கள். விலை பொருளின் மதிப்பைவிட வெகுவாகக் கூடிவிடக்கூடாது என்று சட்டமே உண்டு. நம்மவர் இருவருக்குள் நடந்த பேரம் ஒன்று நம் பதிவில் இருக்கிறது.

"அண்ணா, சிங்க்கும் சேர்த்துத்தான இந்த விலை?"

"சிங்க் சேர்த்துதான் தம்பி. குழாய் தனி."

எப்படியோ சமையலறை வந்து சேர்ந்தாலும் உடனே பால் காய்ச்ச முடியாது. அந்த மின்பெட்டி சாதாரண பிளக் அல்ல, 400 வோல்ட். எலக்ட்ரீஷியன் வந்து அடுப்பை இணைக்கவேண்டும், அவர் வருவதற்கு நாள் குறிக்கவேண்டும். இணைத்த பிறகும், கண்ணாடி மேற்பரப்பு அடுப்பில் அடி உருண்ட இரும்புச் சட்டி நிற்காமல் ஆடும். ஊரிலிருந்து எடைக்கணக்குப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த பொருள் அது.

3. நற்சான்று பற்றிய ஒரு கிளைப்பிரச்சினை

வீடு கேட்டுப் போனால் ஷூஃபா சான்று எங்கே என்பார்கள். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று சொல்லும் இந்த நிறுவனம் 1927இல் பெர்லினில் தோன்றியது. மக்கள் மின்சாதனங்களைத் தவணையில் வாங்கத் தொடங்கிய காலம் அது. ஆக இந்தப் பிரச்சினைக்கும் வேர் அடுப்பங்கரைப் பக்கம்தான் போகிறது. புதிதாக வந்தவர் ஒருவரிடமும் கடன்படவில்லை, ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல அந்த நிறுவனத்திடம் ஒன்றுமில்லை. கடனே இல்லாதவனை உத்தமன் என்று கொண்டாடும் நம் மரபு இங்கே செல்லாது.

குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். வீடு கிடைக்காதவருக்கு அந்தத் தாள் இல்லை. தாள் இல்லாதவருக்குப் பல வங்கிகளில் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவருக்கு வீடு தர யோசிப்பார்கள். முட்டையா கோழியா என்று இன்னும் மயங்கும் தத்துவவாதிகளை இந்த வரிசையில் நிற்க வைக்கலாம்.

4. தட்டுமுட்டுச் சாமான்கள்

இது பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. 1974இல் மியூனிக் அருகே எஷிங்கில் ஐகியா தன் முதல் ஜெர்மன் கடையைத் திறந்தது முதல் எல்லா வீட்டிலும் ஒரே அலமாரிதான். அறுகோணச் சாவியைத் திருப்பித் திருப்பி உள்ளங்கை சிவப்பதும் எல்லோருக்கும் பொது. கைக்காசு குறைந்தவர்களுக்குத் தெரு இருக்கிறது. பழைய சோபா, மேசை, கட்டில்களை மாநகராட்சி வண்டி அள்ளிப்போகும் நாளுக்கு முன்மாலை ஒரு நடை போனால், நல்ல மர நாற்காலி கிடைக்கும். நம் ஊரில் கௌரவம் பார்ப்பவர்களும் அங்கே பார்ப்பதில்லை.

சனிக்கிழமை இரவு ஒரு திருகாணி குறைந்தால் திங்கள்வரை காத்திருக்கவேண்டும், ஞாயிறு கடை கிடையாது. ஞாயிறு துளையிடவும் கூடாது, சத்தம் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 வரையும் அப்படியே. இட்லி மாவுக்கு இதில் தனி விலக்கு எதுவும் இல்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கான கிரைண்டர் சனிக்கிழமை பகலில் ஓடுவதே உத்தமம்.

5. பெயர்ப்பலகை

பெரும்பாலான அடுக்ககங்களில் வீட்டுக்கு எண் கிடையாது. வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பப்பெயர் இருந்தால்தான் கடிதம் வரும். இல்லையேல் வங்கி அனுப்பிய அட்டை அனுப்பிய இடத்துக்கே திரும்பும். தமிழருக்குக் குடும்பப்பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் திருநெல்வேலியை விட்டு நகராத ஒரு மனிதர் ஷ்டுட்கார்ட்டில் மூன்றாம் மாடி மணியில் முருகேசனாக இருப்பார். பக்கத்து வீட்டு அம்மாள் மகனைப் பார்த்து, "காலை வணக்கம், திரு முருகேசன்" என்பார். மகனும் பதில் வணக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும். அசையாக் குடித்தனக்காரர் என்ற நம் கருத்தாக்கத்துக்கு, ஊரைவிட்டு அசையாமலே குடியேறிவிட்ட இவரைவிடத் தூய எடுத்துக்காட்டு வேறில்லை.

இத்துறையில் மேலாய்வு செய்யப் புறப்படும் இளைஞர்களுக்கு ஒரு சொல். வாடகை விளம்பரத்தில் சதுர மீட்டரையும் பால்கனியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஈ, பி, கே என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் சமையலறை உண்டு. இல்லாவிட்டால் குழாய் உட்பட எல்லாவற்றுக்கும் காசு எடுத்துவையுங்கள்.