ஆண்டெனா அண்ணன்

சிங்கப்பூரில் எந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக்குப் போனாலும் கீழ்த்தளத்தில் ஆண்டெனா அண்ணன் ஒருவர் அகப்படுவார். தமிழ்ச் சேனல் ‘வசந்தம்’ சரியாகத் தெரியவில்லை என்று லிஃப்டில் யாராவது முனகினால் போதும். தாம் இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிடுவார்.

2019 பிறந்த கையோடு அனலாக் ஒளிபரப்பு நின்றது. மற்றவர்கள் செட் டாப் பாக்ஸ் தேடி ஓடினார்கள். அண்ணனுக்கோ அன்றுதான் பதவியேற்பு. “பழைய ஒளிபரப்புல சிக்னல் குறைஞ்சா புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டல்ல அந்தத் தயவே கிடையாது தம்பி. வந்தா முழுசா வரும், குறைஞ்சா கதாநாயகி முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும்” என்பார். உண்மைதான். அண்ணன் சொல்வதெல்லாம் உண்மை, வாங்குவதுதான் வேறு.

ஒளிபரப்பு வருவது யூஎச்எஃப் அலைகளில். ஆண்டெனாவுக்கு டிஜிட்டல், அனலாக் என்ற பேதமெல்லாம் தெரியாது. பெட்டியில் ‘4கே ஆண்டெனா’ என்று போடுவது விற்கிறவன் சாமர்த்தியம். இப்படிப் பாடம் எடுத்துவிட்டு, அவரே அதில் இரண்டு வாங்கி வைத்திருப்பார். ‘300 கிலோமீட்டர் எட்டும்’ என்றிருந்தால் மூன்றாவதும் வரும். தீவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தானே, மிச்சம் எதற்கு என்றால், “இருக்கட்டுமே” என்பார். உட்லண்ட்ஸ் பக்கத்து அண்ணன்மாரிடம் அதற்கும் பதில் உண்டு: ஜொகூர் பக்கம் திருப்பி மலேசிய ஒளிபரப்பையும் இழுக்கலாமாம்.

பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்; ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்து வீடென்றால் சிக்னல் மிஞ்சி, இருந்த படமும் போய்விடலாம். இதையும் அண்ணன்தான் சொன்னார், பூஸ்டரைச் செருகிக்கொண்டே.

வீட்டுக்குள் நுழைந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் ஆண்டெனாவோடு நடப்பார். நாடகத்தில் கல்யாணம் நின்றுபோனது அவர் கண்ணில் படாது. சிக்னல் 71 விழுக்காடு 74 ஆனதுதான் படும்.

“அண்ணே, படம் நல்லாத்தானே தெரியுது, விடுங்களேன்.”

“பொறும்மா, இன்னும் ரெண்டு ஏறும்.”

ஏறுவதற்குள் நாடகம் முடிந்து செய்தி தொடங்கிவிடும்.

ஆண்டெனா வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வைக்கும் சாதாரண யூஎச்எஃப் ஆண்டெனா, அதற்கு ஜன்னலோரமாக ஓர் இடம், வைத்த பிறகு சேனல்களை மறுபடி தேடவிடும் பொறுமை: பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவே போதும். யோசனையை அண்ணனிடமே கேளுங்கள். கடைக்குப் போகும்போது மட்டும் அவரைக் கூட்டிப்போகாதீர்கள்.