கடல் தாண்டாதாரியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

வெளிநாடு போனவர்களைப் பற்றித் தமிழில் நூல்களுக்குக் குறைவில்லை. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' தொடங்கி, பத்து நாள் பட்டாயா போய்வந்து 200 பக்கம் எழுதியவர் வரை வரிசை நீளம். போகாதவர்களைப் பற்றித்தான் ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. போகாதவர் தாமாக எழுத மாட்டார். "என்னத்தச் சொல்ல, இங்கதான் இருந்தேன்" என்று முடித்துவிடுவார். பேராசிரியர் யாராவது எழுதினால் அதை வாசிக்கக் கோலாலம்பூர் கருத்தரங்குக்குக் கிளம்பிவிடுவார். அத்தோடு அவருக்கு இத்துறையில் பேசும் தகுதி போய்விடும். எனவே இந்தப் பொறுப்பு எங்கள் ஆய்வுக் குழுவின் தலையில் விழுந்தது. குழு என்பது நானும் என் மைத்துனரும். அவர் துபாய் போய்வந்தவர் என்பதால் அவருக்கு ஓட்டுரிமை கிடையாது.

முதலில் வரையறை. கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தால் வெளிநாடு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். களத்தில் இது நிற்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமியிடம், "வெளிநாடு போயிருக்கேளா மாமி?" என்று கேட்டோம். "எனக்கேதுடா அந்தக் கொடுப்பினை" என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில், அவரும் மாமாவும் குரங்குக் குல்லாயோடு பனிமலை முன் நிற்கும் படம். "அப்ப இது?" "அது முக்திநாத். சாளக்கிராமம் சேவிக்கப் போனோம்." 108 திவ்ய தேசங்களில் 105 இந்தியாவில் இருக்கின்றன, ஒன்று நேபாளத்தில். மீதி இரண்டும் இந்தப் பூமியிலேயே இல்லை. மாமி 106-ஐயும் முடித்துவிட்டார். வேற்று நாட்டைப் பார்த்தாயிற்று, அடுத்த திட்டம் வேற்று உலகம். ஆனாலும் 'வெளிநாடு' என்றால் அவருக்கு மகள் இருக்கும் சிகாகோ மட்டும்தான்.

ராமேஸ்வரத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1974 ஒப்பந்தப்படி கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. அங்குள்ள அந்தோணியார் கோயிலுக்குப் போகும் இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம் என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. ஆண்டுதோறும் படகு கட்டிப் போகிறவர்கள் "திருவிழாவுக்குப் போனோம்" என்பார்கள். இலங்கைக்குப் போனோம் என்று ஒருவர் வாயிலும் வராது. (அதே கடலில் வலைவிரித்துப் பிடிபடுகிறவர்களுக்கு அது வெளிநாடுதான் என்பது சிறையில் வைத்துப் புரியவைக்கப்படுகிறது. அது சிரித்துக்கொண்டு எழுதும் விஷயமில்லை, தாண்டிப் போகிறோம்.) தரங்கம்பாடிக்காரர்களோ 1620 முதல் 1845 வரை, திண்ணையை விட்டு இறங்காமலே டென்மார்க்கில் இருந்தார்கள். பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் பிரெஞ்சு ஆட்சிக்குள் வாழ்ந்தார். அவரை 'ஃபாரின் ரிட்டர்ன்' என்று சொன்னவர் யார்?

ஆகவே குழு ஒரு புதிய சூத்திரத்தை முன்வைக்கிறது. எந்த ஊரிலிருந்து திரும்பும்போது தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாக வேண்டுமோ, அதுவே வெளிநாடு. கோடாலித் தைலம் துணைச் சான்று. துளசிமாலையும் தீர்த்தச் செம்பும் மட்டும் வந்தால் அது யாத்திரை. இதன்படி கடல் தாண்டாதார் எனப்படுவோர், வாழ்நாள் முழுக்கச் சாக்லேட்டை வாங்கிய பக்கத்திலேயே நிற்பவர்கள்.

இனிக் காரணங்கள். பழைய காரணம் சாஸ்திரம். கடற்பயணம் செய்தவன் பதிதன் என்கிறது போதாயன தர்ம சூத்திரம். கேம்பிரிட்ஜ் அழைத்தபோது ராமானுஜன் முதலில் தயங்கியதற்கு இதுவே பின்னணி. தாயார் கோமளத்தம்மாளின் கனவில் குலதெய்வமான நாமகிரித் தாயார் வந்து அனுமதி கொடுத்த பிறகே, 1914 மார்ச் 17-இல் அவர் சென்னையில் கப்பலேறினார் என்பார்கள். கட்டணமில்லாமல், வரிசையில் நிற்காமல் கிடைத்த தடையில்லாச் சான்று நமக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சாஸ்திரக் காரணம் இன்று செத்துவிட்டது. தொல்காப்பியக் காரணம் சாகவில்லை. பெண்களோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது அகத்திணையியல். அதற்கு உரையாசிரியர்கள் என்னென்னவோ பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் தன் உரையைத் தொகை போட்டே எழுதியிருக்கிறது: மனைவியை அழைத்துவர மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் வேண்டும், அல்லது 3,000-மும் தங்குமிடமும் வேண்டும். அதற்குக் கீழே வாங்குகிறவரின் மனைவி கீழக்கரையிலோ முத்துப்பேட்டையிலோ இருந்துகொள்ள வேண்டியதுதான். அந்த வீடுகளில் ஒன்றில் ஒரு பெண், தான் பார்த்தே இராத ஷார்ஜா அறையை எங்களுக்கு விரலால் வரைந்து காட்டினார். "இந்தப் பக்கம் மூணு கட்டில், அடுக்குக் கட்டில். இவுக மேல. கீழ படுக்குற மலையாளத்து அண்ணன் லைட்ட அமத்த விடமாட்டாரு. ஃப்ரிட்ஜுக்கு மேல அரிசி டப்பா." எல்லாம் வீடியோ அழைப்பில் பார்த்த வகை. அழைப்பு முடியும் தறுவாயில் அவர் கணவர் போனைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே காட்டுவாராம். தெரிவது எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள். இவரைத் 'துபாய்க்காரர் பொண்டாட்டி' என்று ஊரே அழைக்கிறது. இவருக்குக் கடவுச்சீட்டு எடுக்கவே இல்லை.

எடுத்தும் போகாதவர்கள் இன்னொரு கூட்டம். "மாட்ட யாரு பாப்பா?" "தேங்கா வெட்டு வருது." "மூட்டுவலி." "அங்க போயி ஆறு மாசம் நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?" இவற்றைச் சாக்கு என்று மகன்கள் சொல்வார்கள். குழு அப்படிச் சொல்லாது. தேங்காய் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு. அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்தால் நான்கு வெட்டு, ஆள் வைத்து வெட்டினால் எண்ணிக்கையில் எத்தனை காய் 'உதிரும்' என்பது தோப்பு வைத்திருப்பவருக்குத் தெரியும். மாட்டுக்கு விடுமுறை கிடையாது.

இங்கேதான் எங்கள் ஆய்வின் முக்கிய முடிவு பிறக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொள்கிறது. இல்லையென்று காட்டுவது விண்ணப்பித்தவர் பாடு. சென்னைத் துணைத் தூதரகக் கண்ணாடிக்கு முன்னால் இளைஞன் நடுங்குகிறான்: அவனுக்கு ஊரில் நிலமில்லை, கட்டிய பெண் இல்லை, திரும்பி வரக் காரணம் எதுவும் கையில் இல்லை. அந்தக் காரணமெல்லாம் கொட்டிக் கிடப்பது அவன் தாத்தாவிடம். தோப்பு, இரண்டு மாடு, கோயில் தர்மகர்த்தா பதவி, பங்காளியோடு முடியாத வரப்பு வழக்கு. 214(பி) தேடுகிற உத்தம விண்ணப்பதாரர் அவர்தான். அவரோ போகமாட்டேன் என்கிறார். திரும்பி வருவார் என்று உறுதியாக நம்பக்கூடியவர் கிளம்பவே மாட்டார் என்ற இந்த விதியைக் குழு உலகுக்கு இலவசமாக அளிக்கிறது.

போகாதவருக்கு வெளிநாட்டு அறிவு குறைவு என்ற எண்ணமும் பிழை. கிழக்குப் பிரஷ்யாவை விட்டு வெளியேறாத இம்மானுவேல் கான்ட், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் நாற்பதாண்டுக் காலம் புவியியல் நடத்தினார். நம் ஊர் அம்மாக்களும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஒரு பெட்டிக்கு 23 கிலோ, வளைகுடா விமானமானால் கணக்கு வேறு, பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள், பொடியாக இடித்தால் போகும், ஊறுகாய் பாட்டிலுக்கு எத்தனை சுற்று டேப் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நியூஜெர்சியில் பனி பெய்தால் கும்பகோணத்தில் ஒருவர் ஸ்வெட்டர் போடச் சொல்லிப் போன் செய்கிறார். திருச்சி விமான நிலைய வாசலுக்கு வேன் பிடித்து வந்து, தள்ளுவண்டி உள்ளே போகும்வரை கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டி, வழியில் புரோட்டா தின்று ஊர் திரும்புகிறவர்களையும் இந்த அறிஞர் வரிசையில் சேர்க்க வேண்டும். பறக்கிறவர் ஒருவர், வந்தவர் பதினொரு பேர்.

பீரோவில் இருக்கும் கடவுச்சீட்டு தனி ஆய்வுக்கு உரியது. பட்டா, எல்.ஐ.சி. பத்திரம், மகளின் ஜாதகம் ஆகியவற்றோடு மஞ்சள் பைக்குள் இருக்கும். பத்தாண்டு முடிகிறது, 36 பக்கமும் புதுக் கருக்கு அழியாமல் இருக்கின்றன. 1,500 ரூபாய் கட்டி இன்னொரு 36 வெற்றுப் பக்கம் வாங்கி வருகிறார் உரிமையாளர். எதற்கு என்று கேட்டால் விடை: "இருக்கட்டும்."

கடைசியாக, வகைப்பாட்டில் ஒரு தகராறு. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் உண்டு. தமிழனிடம் இருப்பது இனிஷியல். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருபவரை ஏற்கமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தபோது நம்மூரில் பலருக்கு வயிறு கலங்கியது. இந்தத் தொல்லையே வேண்டாமென்று எம். சுப்பிரமணியன் என்று ஒருவர், தகப்பனார் முத்துசாமியின் பெயரை அந்தக் கட்டத்தில் இறக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முத்துசாமி மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு அப்பால் போனதில்லை. காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஒலிபெருக்கி அவரைத்தான் கூப்பிடுகிறது. ஓட்டல் வரவேற்பறையில் ஒரு சீனப் பெண் "வெல்கம், மிஸ்டர் முத்துசாமி" என்று குனிகிறாள். மகன் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போகிறான். முத்துசாமியைக் கடல் தாண்டாதார் பட்டியலில் வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா? குழுவுக்குள் பேச்சுவார்த்தை நடக்கிறது. அதற்குள் அவர் பெயரில் மலேசியாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.