நாக்கை நீட்டு மோனை!

இஞ்ச வா தம்பி, இந்தத் திண்ணையில குந்து. நேற்றுப் படலையடியில உன்ர மோன் என்னைப் பாத்து நாக்கை நீட்டினவன். எனக்குக் கோபம் வரேல்லை. தொண்டைக்கு நடுவில கிடந்த பாக்களவு கட்டி நாக்கோட சேர்ந்து மேல துள்ளினதை வடிவாப் பாத்திட்டன்.

நீயோ "ஐயோ தைரொயிட்!" எண்டு மருதனார்மடச் சந்தை முழுக்கக் கதைபரப்பி, கோவாவும் மரவள்ளியும் வாங்காமல் வந்தியாம். வாட்ஸப் பரியாரி சொன்னாராக்கும்! 1847 இல அமெரிக்காவிலயிருந்து வந்த கிறீன் வைத்தியர் பக்கத்து மானிப்பாயில தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்ச மண்ணடா இது.

கேள். தாய் வயித்தில இந்தத் தைரொயிட் சுரப்பி நாக்கடியில தோன்றிக் கழுத்துக்கு இறங்கி வரும். வந்த ஒழுங்கை தூராமல் கிடந்தால் அதுக்குள்ள நீர் கட்டும். ஒழுங்கையில வெள்ளம் நிண்டால் வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் எண்டுவியே?

ஆனால் அவசரப்பட்டு வெட்டவும் நிக்காதை. சிலருக்குச் சுரப்பி வீடு வந்து சேராமல் அந்தக் கட்டியிலேயே குடியிருக்கும். தெரியாமல் வெட்டினால் இருந்த ஒண்டும் போச்சு. அதுதான் முதல்ல ஸ்கான். வெட்டினாலும் கட்டியை மட்டும் கிள்ளினால் திரும்ப வரும். நாவடி எலும்பின்ர நடுத்துண்டையும் எடுக்கவேணுமெண்டு அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் சிஸ்ட்ரங்க் 1920 இலேயே எழுதிப்போட்டார். பத்துப் போடுற உன்ர மாமிக்கு இதையும் சொல்லு.

நீ பயப்பிடுற தைரொயிட் வருத்தம் வேற. சுரப்பி படுத்திட்டால் கட்டி தெரியவேணுமெண்டில்லை. பிள்ளை வளராது, சோம்பும், குளிருதெண்டும், மலம் இறுகும். பிறந்த பிள்ளையின்ர குதிக்காலில ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறதும் இதுக்குத்தான். குளிசை பிந்தினால் மூளை பிந்தும். தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் பெடியன்ர உயரத்துக்குக் கதவுநிலையில கரிக்கோடு போட்டுவா. கோடு ஏறினால் நல்லது. ஏறாட்டி பெரியாஸ்பத்திரிக்கு ஓடு.

அளவாத் திண்டால் கோவாவில குற்றமில்லை. அயடீன் உப்பைச் சிரட்டையில திறந்து அடுப்படியில வைக்கிறியே, குற்றம் அங்கதான்.

ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்து, வேண்டாமெண்டேல்லை. இந்திரன் அடிச்சு நாடி வீங்கினவர், கழுத்து நோ தெரியும். ஆனால் நாக்கை நீட்டெண்டு அவர் கேக்கமாட்டார், டொக்டர்தான் கேப்பார்.

நாளைக்குப் பெடியன் டொக்டரிட்ட நாக்கை நீட்டட்டும். நீ உன்ர நாக்கைச் சந்தையில நீட்டாமல் உள்ள வைச்சிரு.